தேரிக்குள் ஒரு விலாசம்

எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்காரர் ஜோர்டான் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து லிஃப்ட்டில் யார் மாட்டினாலும் போட்டோதான். 'வாடி ரம்' என்று ஒரு பாலைவனம். ரத்தச் சிவப்பாக மணல். 2015-ல் வந்த 'தி மார்ஷியன்' படத்துக்கு அதைத்தான் செவ்வாய்க் கிரகமாகக் காட்டினார்களாம். பாறைகளில் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கிறுக்கல்கள். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

"எங்களுக்குன்னு தனியா ஒரு பெதூயின் ஆளு, தனி ஜீப். ப்ரைவேட் கைடு சார்! கூட்டத்தோட போனா வெறும் மணல்தான் தெரியும்" என்றார்.

என் மனைவி போட்டோவை ஒரு தடவை பார்த்தாள். "இந்தச் சிவப்பு மண்ணைப் பாக்கவா இவ்வளவு செலவு? உங்க தாத்தா ஊர்ப் பக்கமே இருக்குன்னு உங்க அத்தை சொல்வாங்களே?" என்றாள். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றுவிட்டது. மாடிக்காரர் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டோம்.

அது ஜனவரி. பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்க மயிலாப்பூரில் ஒரு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் எல்லா விவரத்தையும் டைப் அடித்துவிட்டு, "மேல என்ன சார் போடணும்? குலதெய்வம் பேரு துணைன்னு போடுவாங்க. உங்க குலதெய்வம் எது?" என்றான்.

"சாஸ்தா" என்றேன்.

"எந்த சாஸ்தா சார்?"

நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் பூர்வீகம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். அங்கே சாஸ்தா ஒருவர் இல்லை. குளக்கரைக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர் என்று ஊர்ஊராக இருக்கிறார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய சாஸ்தா யார், எந்த இடம் என்று தெரிந்திருக்கும். பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் அங்கே போய்ப் பொங்கல் வைப்பார்கள். எனக்குத் தெரியவில்லை. 57 வயசு. மந்தைவெளியில் எந்தத் தெருவில் எந்தக் கடை எப்போது மூடினது என்று கேட்டால் சொல்வேன். இது தெரியவில்லை.

"அப்புறம் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

தாத்தா 1944-ல் ஒரு ட்ரங்க் பெட்டியோடு மந்தைவெளிக்கு வந்தவர். அப்பாவுக்கு ஆபீஸ், பஸ், லோன். "தேரிக்குள்ள இருக்காருடா நம்ம சாஸ்தா. ஒருநாள் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒருநாள் வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது அத்தை மட்டும். 86 வயசு. ஏழெட்டு வயசில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள்.

"திருச்செந்தூர்லேருந்து மாட்டுவண்டிடா. ஒரு இடத்துக்கு மேல வண்டி போகாது. எல்லாரும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டோம். சிவப்பா மண்ணு. ரெண்டு பனை ஒட்டிக்கிட்டு நிக்கும், அண்ணன் தம்பி மாதிரி. அதுக்குக் கீழ சாமி. கூரைகூடக் கிடையாது. வழி காட்ட ஒரு ஆளு வந்தாரு. பதநி குடிச்சேன்."

விலாசம் அவ்வளவுதான்.

பங்குனி தொடக்கத்தில் நானும் மனைவியும் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். முருகனைப் பார்த்துவிட்டு லாட்ஜில் விசாரித்தேன். "தேரியா? அங்க என்ன சார் இருக்கு? சினிமாக்காரங்கதான் போவாங்க" என்றார் மேனேஜர். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடலோரத்தை ஒட்டி அங்கங்கே சிவப்பு மணல் குன்றுகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் தேரி என்று பெயர். குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் இப்படி ஒரு நிலம் இருப்பது தமிழ்நாட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

அங்கிருந்து காயாமொழி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் போய் ஒரு டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் காட்டினார். எழுபதைத் தாண்டியவர். மார்பிலும் முன்னங்கையிலும் தோல் மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தது. நாற்பது வருஷம் பனை ஏறியவராம்.

"எங்கிருந்து வாரிய?"

"மெட்ராஸ், அண்ணாச்சி."

"மெட்ராஸ்ல எங்கன?"

"மந்தைவெளி."

"அங்க மந்தை இருக்கா?"

"இல்ல."

"வெளி?"

"அதுவும் இல்ல அண்ணாச்சி."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெட்டைப் பனை... கூரையில்லாத சாமி..." என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எங்க அக்காகிட்ட ராத்திரி கேட்டுட்டு வாரேன். அவளுக்கு எண்பத்தஞ்சு. விடிய அஞ்சரைக்கு இங்கன வந்திருங்க. ஒம்பது மணிக்கு மேல கால் வைக்க முடியாது. தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

"எவ்வளவு தரணும்?"

"ஒரு நாள் கூலி தாங்க. சாமி கிடைச்சாலும் கூலிதான், கிடைக்காட்டியும் கூலிதான்."

அடடா, எனக்கும் ஒரு ப்ரைவேட் கைடு கிடைத்துவிட்டார் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். ஜீப் மட்டும்தான் இல்லை.

* * *

மறுநாள் விடிகாலையில் ஊரைத் தாண்டி, கொல்லாமரங்களைத் தாண்டி (முந்திரி மரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) மணல் தொடங்கியது. நான் புது ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தேன். பத்தடி நடப்பதற்குள் இரண்டு ஷூவிலும் கால் கிலோ மணல். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தை சொன்னது நினைவு வந்தது. நாங்களும் கழற்றினோம். அதிகாலை மணல் குளிர்ந்த மாவு மாதிரி இருந்தது.

வெயில் ஏற ஏற மணலின் நிறம் மாறியது. முதலில் செங்கல், அப்புறம் குங்குமம். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்ஸைடு பூசியிருப்பதால் வரும் சிவப்பு இது. வாடி ரம்மிலும் சிவப்புக்கு இரும்புதான் காரணம். ஆக, மூன்றாவது மாடிக்காரர் பார்த்ததும் நாங்கள் பார்த்ததும் ஒரே துருதான்.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நிலை திரிந்தால் பாலை ஆகும் என்கிறார். ஆனால் இங்கே பாலையைச் செய்தது முக்கியமாகக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகக் காய்ந்துபோய் இந்தப் பக்கம் நுழைகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்றுதான். பல ஆயிரம் வருஷங்களாக அது செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் குவித்தது என்பது நிலவியல்காரர்கள் சொல்லும் ஒரு முக்கியமான விளக்கம்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "ஆடி மாசம் வாங்க, கண்ணால பாப்பிய" என்றார். "காலைல இங்கன இருந்த மேடு சாயங்காலம் அங்கன இருக்கும். எங்க அப்பா காலத்துல இன்னும் மோசம். வனத்துறைக்காரங்க மரத்தை வச்சு வச்சுத்தான் கொஞ்சம் கட்டிப் போட்டிருக்கு."

ஓரிடத்தில் நின்றார். தரையோடு தரையாகப் பனை ஓலைகள் விரிந்து கிடந்தன. குட்டிப் பனை என்று நினைத்தேன். "இது குட்டி இல்ல சார். கீழ முப்பது அடி மரம் நிக்கி. மண்ணு ஏறிட்டு. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க அப்பா இதுல தளைநார் போட்டு ஏறுவாரு. இப்ப நீங்களே நின்னுக்கிட்டு பாளை சீவலாம்."

என் மனைவி குனிந்து அந்த ஓலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் நடந்துகொண்டே சொன்னதெல்லாம் எனக்குப் புதுசு. மணலில் கோடு கோடாகத் தெரிந்தது மயில் நடந்த தடம். அதற்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது உடும்பின் வால். குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்கும் உடைமரத்தின் அடியில் உட்காரலாம், ஆனால் முள்ளைப் பார்த்து உட்கார வேண்டும். திசை தப்பினால் பனையில் ஏறிப் பார்த்தால் மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரம் தெரியும். 192 அடி உயரக் கோபுரம். அதை வைத்து வீட்டுக்கு வந்துவிடலாம். மழை பெய்தால் தேரியில் தண்ணீர் ஓடாது. அப்படியே உள்ளே இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைத்தான் பனை கீழே போய்க் குடிக்கிறது. தாழ்ந்த இடங்களில் அதுவே சுனையாகவும் ஊறும்.

நான் வந்திருந்தால் சிவப்பாக மணல் என்று மட்டும் எழுதியிருப்பேன்.

ஒரு சரிவில் குனிந்து, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கல் சில்லை எடுத்துக் கொடுத்தார். ஒரு ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. "தாத்தா காலத்துல இதுல இரும்பைத் தட்டி பீடி பத்த வைப்பாங்க" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸாய்னர் என்ற நிலவியல் அறிஞரும் பிரிட்ஜெட் ஆல்சின் என்ற தொல்லியல் அறிஞரும் இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி என்று அவர்கள் சொன்ன இடங்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மனிதர்கள், அம்பு முனைக்கும் கத்திக்கும் உடைத்துத் தீட்டிய கற்கள். பல ஆயிரம் வருஷம் பழசு. கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே கால்டுவெல், அவர் 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு வந்து தங்கிய இடையன்குடியும் இதே செம்மணல் சீமைதான். எல்லாரும் வந்திருக்கிறார்கள். எங்கள் குடும்பம்தான் வரவில்லை.

சில்லை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போடப் போனேன்.

"அதை வச்சிருங்க சார்."

"ஒரே ஒண்ணுதானே அண்ணாச்சி..."

"செஞ்சவன் இங்கனதான் போட்டுட்டுப் போயிருக்கான். நாம எடுக்கப்படாதுல்லா."

எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

* * *

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு முதலில் கூட்டிப்போனார். செம்மணலுக்கு நடுவே, நம்பவே முடியாதபடி, பச்சையாக ஒரு சோலையும் சுனையும். சிக்னல் கிடைத்தது. அத்தைக்கு வீடியோ கால் போட்டேன்.

"கட்டடம்லாம் இருக்கே. இது இல்லடா" என்றாள் அத்தை.

"எழுபத்தஞ்சு எண்பது வருஷத்துல கட்டியிருக்கலாமே அத்தை?"

"பனை எங்க? எங்களுது வெறும் கல்லுடா. வானம் தெரியும்."

அண்ணாச்சி போனை எட்டிப் பார்த்து, "ஆச்சி சொல்லுதது சரி. இது இல்ல" என்றார். கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தோம். அவருடைய அக்கா சொன்ன இன்னொரு இடம். ஒன்றும் இல்லை, ஒரு உடைமரம் மட்டும். மணி எட்டரை. காலடியில் சூடு தெரிய ஆரம்பித்தது.

மூன்றாவது இடத்தில் ஒரு பனை நின்றது. அதை ஒட்டி, கருகிய அடிமரம் ஒன்று. கீழே மணலிலிருந்து ஒரு சாண் கல் எட்டிப் பார்த்தது.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ரெட்டைப் பனை! ஒன்று விழுந்துவிட்டது! கல்! மனைவி பையிலிருந்து கற்பூரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"இதுதானே அண்ணாச்சி?"

அவர் கல்லைச் சுற்றி மணலைக் கையால் ஒதுக்கினார். கல்லைத் தடவினார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கலாம் சார். இல்லாமலும் இருக்கலாம். எண்ணெய் வாசம் இல்ல. வெட்டின அடையாளம் இல்ல. இது மாதிரி தேரிக்குள்ள ஏகப்பட்டது கிடக்கு. சிலது உள்ள போயிட்டு, சிலது வெளிய வந்துட்டு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் இதுதான்னு சொல்லிரலாம். நீங்களும் சந்தோசமா சூடம் கொளுத்திட்டு, ஐந்நூறு ரூவா கூடக் குடுப்பிய. நாளைக்கு உங்க பேரப்பிள்ளையளும் இங்கன வந்து பொங்கல் வைக்கும். ஆனா நான் சொன்னது பொய்னா, அதுங்க கும்பிடுதது யாரை?"

நான் பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவ்வளவு தூரம் வந்தது ஒரு பெயரை வாங்கிப் பத்திரிகையில் போடுவதற்குத்தானே. எந்தப் பெயராக இருந்தால் என்ன என்ற அளவுக்கு இறங்கியிருந்தேன். கூலிக்கு வந்த மனுஷன் இறங்கவில்லை.

"அப்ப நாங்க என்ன பண்றது அண்ணாச்சி?" என்றாள் மனைவி.

"தெரியாதுன்னா தெரியலைன்னே சொல்லிக் கும்பிடுங்க அம்மா. பக்கத்துல தேரிக்குடியிருப்புல கற்குவேல் அய்யனார் இருக்காரு. டிசம்பர்ல கள்ளர் வெட்டு நடக்கும். ஜனங்க எல்லாம் தேரி மண்ணைத்தான் பிடி பிடியா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவும். நீங்களும் ஒரு பிடி எடுத்துக்கோங்க. கல்லு யாரோ செஞ்சது. மண்ணு அப்படியில்லல்லா."

தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்து அதில் மண்ணை நிரப்பினோம்.

திரும்பும்போது உடைமர நிழலில் உட்கார்ந்தோம். வழியில் ஒரு விடிலியில் அவருக்குத் தெரிந்தவர் பட்டையில் பதநி ஊற்றிக் கொடுத்தார். அத்தை குடித்த அதே பதநி. அண்ணாச்சியிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன்.

"மூத்தவன் உங்க ஊர்லதான். வேளச்சேரில பலசரக்குக் கடை. நல்லா இருக்கான். பேரன் இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கான். வருசத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரு நாளும் தேரிக்குள்ள வந்ததில்ல. வெயிலு, மண்ணு, போன் எடுக்காதுங்கான்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அத்தைக்கு வழிகாட்ட வந்த ஆளு எங்க தாத்தாவாக்கூட இருக்கும். யாரு கண்டா? தாத்தா அப்பாவுக்குக் காட்டினாரு. அப்பா எனக்குக் காட்டினாரு. நான் யாருக்கும் காட்டலை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தொலைத்தது ஒரு கல். இவர் தொலைக்கப்போவது 12,000 ஏக்கர்.

கூலியோடு கூட ஐந்நூறு ரூபாய் வைத்தேன். அதைத் தனியாக எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புங்க. சாமிக்குள்ளதையும் என் விலாசத்துக்கே போடுங்க" என்றார்.

* * *

பத்திரிகையில் 'தேரி சாஸ்தா துணை' என்று போட்டோம். கடைப் பையன், "இது என்ன ஊர் சார்?" என்றான். "அதுதான் ஊர்" என்றேன்.

முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி அண்ணாச்சிக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"வச்சிட்டேன் சார். அந்த ஒத்தைப் பனைக்கும் உடைமரத்துக்கும் நடுவுல. சூடம் கொளுத்திக் கும்பிட்டுக்கிட்டிருக்கும்போதே காத்து தூக்கிட்டுப் போயிட்டு. தேடலை. சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். பேரனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். லீவுல வந்திருக்கான். பத்திரிகை பின்னால ஓடிட்டான் பய. மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு மணி நேரம் விளையாடிட்டுத்தான் வந்தான்."

"கூரியர்காரன்கூட இவ்வளவு சுத்தமா டெலிவரி பண்ண மாட்டான்" என்றாள் மனைவி.

மூன்றாவது மாடிக்காரர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "எங்க சார், ஜோர்டானா?" என்று கேட்டார். காயாமொழி என்றேன். போக வழி கேட்டார். அன்றைக்குத்தான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அவருக்காக இல்லை, என் பெண்ணுக்காக. திருச்செந்தூர், காயாமொழி, டீக்கடை. அஞ்சரைக்கே கிளம்பணும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள். புதைந்த பனை, ஒற்றைப் பனை, உடைமரம். கற்களை எடுக்காதே.

கடைசி வரியை மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்: தனியாகப் போகாதே. அண்ணாச்சியைக் கேள். அவர் இல்லையென்றால் அவர் பேரனைக் கேள்.